கேவனா பாலம்: தூக்க நினைத்து, தூக்காமல் விட்ட பாலத்தைப் பார்ப்பது எப்படி?

கேவனா பாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக அதன் மேல் ஏறி, நடுவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, மறுகரைக்குப் போய்விடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நான் சொல்வது வேறு வழி. முதலில் பாலத்துக்கு அடியில் போங்கள். சிங்கப்பூர் ஆற்றில் படகில் உட்கார்ந்து, தலைக்கு மேல் அந்த இரும்பு எவ்வளவு தாழ்வாகக் கடந்து போகிறது என்று பாருங்கள். அப்புறம் மேலே வாருங்கள். இந்தப் பாலத்தின் கதை முழுவதும் அதன் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த உயரம் மேலே நின்றால் தெரியாது.

நான் மண்டபத்துக்காரன். பாம்பன் பாலம் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவன். இங்கே கப்பல் பட்டறையில் ரிகராக வேலை செய்து ஓய்வு பெற்றேன். எடையைத் தூக்குவது, தொங்கவிடுவது, எந்தக் கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் தேக்கா என்று நாங்கள் அழைக்கும் லிட்டில் இந்தியா, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் எல்லாம் முடித்தபின் இந்தப் பாலத்துக்குக் கட்டாயம் கூட்டிவருவேன். காசு இல்லை, வரிசை இல்லை, எந்த நேரமும் திறந்திருக்கும். ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு வரவேண்டும்.

பாலம் ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் வடகரையில் அரசாங்க அலுவலகங்கள், தென்கரையில் வணிகம். ஆற்று முகத்தில் பாலம் கிடையாது. மேலே எல்ஜின் பாலம் வரை சுற்றிப் போக வேண்டும், இல்லையென்றால் படகுக்காரருக்கு ஒரு துட்டு கொடுத்து அக்கரை சேர வேண்டும். சிங்கப்பூர் நிறுவப்பட்டு 50 ஆண்டு நிறைந்ததையொட்டி 1869இல் இந்தப் பாலம் கட்டப்பட்டது. எடின்பரோ கோமகன் வந்துபோனதால் முதலில் அவர் பெயரை வைக்கத்தான் எண்ணினார்கள். கடைசியில் சர் ஓர்ஃபர் கேவனாவின் பெயர் நிலைத்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் நிர்வாகத்தில் இருந்த காலத்தின் கடைசி ஆளுநர் அவர்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி, தென்கரையில் இருக்கும் போட் கீ கிடங்குகளுக்குக் கொண்டுவந்த தொங்கான், துவாக்கோ என்ற சரக்குப் படகுகள் இந்த வாயில் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். ஆற்று முகத்திலேயே பாலம் போட்டால் துறைமுகத்தின் தொண்டையில் கை வைத்தது போல ஆகிவிடும். அதனால் இதைத் தூக்குப்பாலமாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள் என்றும், கட்டி முடித்தபின் நிலையான பாலமாக மட்டுமே பயன்படும் என்று கண்டார்கள் என்றும் இதைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. தூக்க முடியாமல் போனதுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். கடல் ஏறும் நேரத்தில் படகுகள் அடியில் நுழைய முடியாமல், தண்ணீர் வடியும்வரை காத்துக் கிடந்தன.

சரி, எப்படிப் போவது? லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊதா வழித்தடத்தில் இரண்டே நிறுத்தம், கிளார்க் கீ. அங்கே ஆற்றங்கரைக்கு இறங்கி, மரீனா பே வரை போய்த் திரும்பும் சுற்றுலாப் படகில் ஏறிக்கொள்ளுங்கள். பழைய சரக்குப் படகின் உருவத்தில்தான் அவை இருக்கும். மூக்கில் வரைந்திருக்கும் கண்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஆபத்தைப் படகே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் சீனப் படகோட்டிகள் வரைந்த கண்கள் அவை. உள்ளே கூரைக்கு அடியில் உட்காராமல், இடம் கிடைத்தால் திறந்த பகுதியில் உட்காருங்கள். கோல்மன் பாலம், எல்ஜின் பாலம் என்று வரிசையாகக் கடந்து கேவனாவுக்கு வரும்போது கைபேசியை மடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். மூட்டை அடுக்கிய படகில் நீளக் கழியோடு நிற்கும் ஓர் ஆள், கடல் ஏறிய வேளையில் இதற்குள் எப்படி நுழைந்திருப்பார் என்று அப்போது புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தை இன்று நீங்கள் ஆற்றில் பார்க்க முடியாது. 2008இல் மரீனா அணைக்கட்டு வந்து கடலை வெளியே நிறுத்திவிட்டது. ஆறு இப்போது நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி, நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஆகவே கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போக வேண்டிய தேவையில்லை. அந்தக் காலத்துப் படகோட்டிக்கு அதுதான் நாளின் முதல் கணக்கு.

அந்தப் படகோட்டிகள் யார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பின்னாளில் சரக்குப் படகுத் தொழில் ஹொக்கியன், தியோச்சியூ சீனர்கள் கையில் இருந்தது என்றாலும், தொடக்க காலத்தில் இந்த ஆற்றில் படகு தள்ளியவர்களில் பலர் சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள். சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில் சூலியா கம்பத்துக்கு, அதாவது சூலியாக்களின் குடியிருப்புக்கு, ஆற்றை ஒட்டியே இடம் ஒதுக்கியிருந்தார். போட் கீக்குப் பின்னால் இன்றும் இருக்கும் சூலியா தெரு அவர்கள் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இந்தப் பாலத்துக்கும் நமக்கும் உறவு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். இதைவிட நெருங்கிய உறவும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

படகு கிளார்க் கீயில் திரும்ப இறக்கிவிட்டதும், போட் கீ பக்கமாக ஆற்றோடு கீழ்நோக்கி நடந்து வாருங்கள். மெதுவாக நடந்தால் கால் மணி நேரம். வழியில் எல்ஜின் பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இப்போதுள்ளது 1929ஆம் ஆண்டுப் பாலம். அதன் விளக்குக் கம்பங்களுக்குக் கீழே பனை வகை மரத்தின் முன் சிங்கம் நிற்கும் வட்டச் சிற்பங்கள் இருக்கின்றன. இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நொல்லி செய்தவை. இந்த இடத்தில் இருந்த பாலத்தை வைத்துத்தான் நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் என்று இரண்டு சாலைக்கும் பெயர் வந்தது. நம் மாரியம்மன் கோயில் முகவரியில் இருக்கும் பாலமும் இதுதான்.

நடக்க முடியாதவர்கள் படகை விட்டுவிட்டு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி, எச் வாசல் வழியாக வெளியே வந்தால் போதும். ஆறு கண்ணெதிரே இருக்கும்.

கேவனா பாலத்துக்கு வந்துவிட்டோம். மேலே ஏறாதீர்கள். பக்கவாட்டில் நின்று முழுதாக ஒருமுறை பாருங்கள். சுமார் 79 மீட்டர் நீளம், ஒன்பதரை மீட்டர் அகலம். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. இரு கரையிலும் நிற்கும் இரும்புக் கம்பங்களின் தலையிலிருந்து பட்டை இரும்புகள் சரிந்து இறங்கி, நடைதளத்தைப் பல இடங்களில் பிடித்திருக்கின்றன. லண்டன் ஆல்பர்ட் பாலமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அது 1873இல் திறந்தது, நம்முடையது மூத்தது.

என் தங்கை மகனை முதல் தடவை கூட்டிவந்தபோது அவன் கேட்டான்: "மாமா, இது எப்பத் தூக்கும்?" தூக்காது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லாமல், "நீயே பாத்துச் சொல்லுடா, இது தூக்குற பாலமா?" என்று கேட்டேன். பாம்பனைப் பார்த்த பையன், கண்டுபிடித்துவிட்டான். நீங்களும் அதே மாதிரி பாருங்கள். பெரும்பாலான தூக்குப்பாலங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தும்.

திறக்கும் பாலத்தில் வெட்டு இருக்க வேண்டும். நடைதளம் எங்கோ ஓரிடத்தில் பிரிந்து நிற்கும். இங்கே ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஒரே தளம். அடுத்து, எழும் பகுதி எதன் மேல் திரும்பும்? அச்சோ உருளையோ வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 1914இல் வைத்த, ஷெர்சர் என்ற வகையைச் சேர்ந்த இரும்பு இதழ்கள் இரண்டும் வளைந்த அடிப்பகுதியால் பின்பக்கம் உருண்டு எழும். கீழே ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித்தான் திறப்பார்கள். மனிதக் கையால் அவ்வளவு இரும்பைத் தூக்க முடிந்ததற்குக் காரணம் பின்னால் இருந்த எதிர் எடை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் உருளுவதில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். அதிலும் இரு பக்கக் கோபுரங்களும் எதிர் எடையும் உண்டு. கேவனாவில் எதிர் எடைக்கு இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இதற்கும் மேலே இன்னொரு விஷயம் இருக்கிறது, இது ரிகர் கண்ணுக்கு உடனே படும். இடக்கரைக் கம்பங்களின் இழுப்பும் வலக்கரைக் கம்பங்களின் இழுப்பும் சேர்ந்துதான் இந்தத் தளத்தை நிறுத்தியிருக்கின்றன. நடுவில் வெட்டினால் அந்தச் சமநிலை போய்விடும். தாளில் என்ன எண்ணம் இருந்திருந்தாலும் சரி, கரையில் எழுந்து நின்ற வடிவம் திறப்பதற்கு ஏற்றது அல்ல என்பது என் கருத்து.

இனி மேலே ஏறலாம். நுழைவில் இருக்கும் உலோக அறிவிப்பைப் படியுங்கள். சுமையோடு சேர்த்து 3 ஹண்டர்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள வண்டிகளும், எல்லா மாடுகளும் குதிரைகளும் இந்தப் பாலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று காவல்துறைத் தலைவரின் ஆணையாக எழுதியிருக்கும். 3 ஹண்டர்வெயிட் என்றால் சுமார் 150 கிலோ. மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் நெரித்த பாலம் இது. கட்டி முடித்ததும் 120 சிப்பாய்களை ஒன்றாக நடக்கவிட்டு வலுவைச் சோதித்தார்கள் என்ற செய்தியும் உண்டு.

கம்பத்துக்குப் பக்கத்தில் போய், பட்டை இரும்புகள் தகடோடு சேரும் இடத்தில் கண்ணை வையுங்கள். வரிசை வரிசையாக அரைக்கோளத் தலைகள் தெரியும். அவை ரிவெட் ஆணிகள். பழுக்கக் காய்ச்சி ஓட்டையில் செருகி, மறுபக்கம் சூட்டோடு தட்டித் தலை உண்டாக்குவார்கள். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டிப் பாருங்கள், எத்தனையோ முறை பூசிய வண்ணத்தையும் மீறி அந்த உருண்டை கைக்குத் தட்டுப்படும். இரும்பு வேலையைச் செய்து அனுப்பியது கிளாஸ்கோவின் பி அண்ட் டபிள்யூ மெக்லெல்லன் நிறுவனம். கப்பலில் துண்டு துண்டாக வந்து இங்கே ஒன்று சேர்ந்தது. மாலையில் அலுவலகம் விட்டு ஓட்டப் பயிற்சிக்குப் போகிறவர்கள் கூட்டமாகக் கடக்கும் நேரத்தில் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தால் லேசான அதிர்வு தெரியும். பயப்பட வேண்டியதில்லை. தொங்கும் பாலம் அப்படித்தான் இருக்கும்.

இங்கே எழுப்பியது யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825 முதல் கைதிகளைக் கப்பல் கப்பலாகச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். சாலை போட்டதும், காடு வெட்டியதும், செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டியதும் அவர்கள் கைகள். அவர்கள் உழைப்பில் எழுந்த பெரிய வேலைகளில் கடைசியாகச் சொல்லப்படுவது இந்தக் கேவனா பாலம். 1873இல் சிங்கப்பூரில் அந்த முறையே முடிவுக்கு வந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அந்தக் கைதிகளில் உண்டு. பாலத்துக்குப் பெயர் ஆளுநருடையது, கேவனா குடும்பச் சின்னமும் அதில் இருக்கிறது. கட்டியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. நான் கூட்டிவருகிறவர்களிடம் இந்த இடத்தில் நின்றுதான் இதைச் சொல்வேன். சிங்கப்பூரில் தமிழர் வரலாறு கோயிலிலும் தேக்காவிலும் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள் இந்த ரிவெட் ஆணிகளையும் பார்க்க வேண்டும்.

பாலத்தின் வடமுனையில் இறங்கினால் எம்ப்ரஸ் பிளேஸ். அங்கே டல்ஹௌசி தூபியைத் தவறவிடாதீர்கள். 1850இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு வந்துபோனதை ஒட்டி எழுப்பியது. நான்கு பக்கத்தில் நான்கு மொழி: ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், அப்புறம் தமிழ். பாலத்தைவிட வயதான தமிழ் எழுத்து அது, பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். பிள்ளைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அருகில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம் செட்டியார்களையும் வட்டித் தொழிலையும் காட்டும் வெண்கலச் சிற்பங்களும் உண்டு. அக்கரையில் மார்க்கெட் தெருவை நம்மவர்கள் செட்டித் தெரு என்றே அழைத்தார்கள். செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த இடம் அது.

கடல் பக்கம் திரும்பினால் ஆண்டர்சன் பாலம். 1910இல் திறந்தது. கேவனா தாழ்வாக இருந்ததாலும் வண்டி நெரிசல் தாங்காததாலும் கட்டப்பட்டது. புதியது வந்ததும் பழையதை இடித்துவிடத்தான் நினைத்தார்கள். இடிக்கவில்லை, நடப்பவர்களுக்கு என்று விட்டுவைத்தார்கள். ஜப்பானியர் காலத்தில் வெட்டிய தலைகளை மக்களை அச்சுறுத்த ஆண்டர்சன் பாலத்தில் தொங்கவிட்டார்கள் என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1983இல் சரக்குப் படகுகள் எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன. கேவனா, ஆண்டர்சன், எல்ஜின் மூன்றும் சேர்ந்து 2019இல் தேசியச் சின்னமாயின.

நேரம் பற்றிச் சில வார்த்தை. காலை எட்டு மணிக்கு முன்னால் வாருங்கள், இல்லையென்றால் மாலை ஐந்தரைக்குப் பிறகு. நடுப்பகலில் பாலத்தில் நிழல் கிடையாது, பெரியவர்களுக்குத் தலை சுற்றும். ஏழு மணி வாக்கில் இருட்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஃபுல்லர்டன் ஹோட்டல் பக்கம் நின்றால், ஆற்றில் குதிக்கும் ஐந்து சிறுவர்களின் வெண்கலச் சிலையோடு பாலத்தையும் ஒரே படத்தில் எடுக்கலாம். இங்கே பிற்பகல் மழை சொல்லாமல் வரும், வந்தால் அரும்பொருளகத்துக்குள் நுழைந்துவிடுங்கள், கழிப்பறைக்கும் அதுதான் வசதி. எஃப் ஒன் கார்ப் பந்தய வாரத்தில் மட்டும் வேண்டாம். ஆண்டர்சன் பாலமே பந்தயப் பாதையில் வருகிறது, சுற்றுவட்டாரம் முழுவதும் தடுப்பு போட்டிருக்கும்.

உண்மையாகவே தூக்கிய பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் சிங்கப்பூரை ஜோகூரோடு இணைக்கும் பாதையில் அப்படி ஒன்று இருந்த கதையைச் சொல்லுங்கள். 1924இல் அதிகாரபூர்வமாகத் திறந்த ஜோகூர் கடற்பாலத்தின் ஜோகூர் முனையில் கப்பல் கடக்க ஒரு மதகுக் கால்வாய் விட்டிருந்தார்கள். அதன் மேல் சாலைக்கும் ரயிலுக்கும் சேர்த்து மின்சாரத்தில் எழும் பாலம் ஒன்று இருந்தது. 1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. போருக்குப் பிறகு மறுபடி கட்டவில்லை. உட்லண்ட்ஸிலிருந்து பேருந்தில் ஜேபி, அதாவது மலேசியாவின் ஜோகூர் பாரு, போகிற நாளில், அக்கரை நெருங்கும்போது இதை நினைவுபடுத்தினால் பிள்ளைகளுக்கு நெரிசல் கொஞ்சம் மறக்கும்.

பசிக்குப் போட் கீ கடைகள் விலை அதிகம். ராஃபிள்ஸ் பிளேஸைத் தாண்டி லாவ் பா சாட் வரை நடந்துவிடுங்கள். 1894ஆம் ஆண்டுச் சந்தை, அதன் வார்ப்பிரும்பும் கிளாஸ்கோவிலிருந்து வந்ததுதான். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் முன் தூண்களைப் பாருங்கள், பாலத்தில் பார்த்த கண்ணுக்கு வேறுபாடு பிடிபடும்: அது அடித்துச் சேர்த்தது, இது உருக்கி அச்சில் ஊற்றியது. வயதானவர்களோடு வந்தால் டாக்சியை ஃபுல்லர்டன் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். அங்கிருந்து பாலம் சில எட்டுதான், திரும்பும்போதும் அதே இடத்தில் ஏறிக்கொள்ளலாம்.